ஜொகூரில் இல்லாத முதலமைச்சர்

எனக்கு என் தோழிமேல் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மட்டமாக நினைப்பதைவிட இது மேல். இது நேற்று இன்று வந்ததல்ல. மூவாரில் ஆறாம் படிவம் படித்த காலத்திலேயே இருந்தது. நடுவில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனதால் கொஞ்சம் அடங்கிக் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவள் தெப்ராவில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வந்து குடியேறினாள். அதுவும் எழுந்துகொண்டது.

அவள் சிலோன்காரர் வீட்டுப் பெண். அப்பா அரசாங்க அலுவலகத்தில் சீஃப் கிளார்க். வீட்டில் ஆங்கிலம், வெளியே மலாய், கோயிலில் மட்டும் தமிழ். என் அப்பா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. நான் மூவாருக்கு வந்து பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தேன். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் நான் எழுதிக் கொடுப்பேன், அவள் மேடையேறிப் பேசுவாள். கோப்பை அவள் கையில் இருக்கும். "ரெண்டு பேரோட கோப்பைதானே லா" என்பாள். அவள் வீட்டு அலமாரியில்தான் அது இருந்தது.

பிறகு அவள் சிங்கப்பூரில் தாதியாகி, தினமும் எல்லைப் பாலம் தாண்டி வேலைக்குப் போய் வந்தாள். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழை மலாயாகவும் மலாயைத் தமிழாகவும் மாற்றிச் சொன்னேன். எங்கள் வேலையில் ஒரே ஒரு சட்டம். சாட்சி சொன்னதில் ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. சாட்சி உளறினால் நானும் உளற வேண்டும். இதில் என்மேல் ஒரு புகார் வந்தது கிடையாது. ஆனால் அடுத்தவர் பேச்சைச் சொல்லிச் சொல்லி, என் சொந்தப் பேச்சுக்கு எழுந்து நின்றால் ஒரு வாக்கியம்கூட வராத நிலைக்கு வந்துவிட்டேன்.

என்னிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. ஒன்பது பிஸ்கட் தகரங்கள். அவற்றில் ஜொகூர் மந்திரி பெசார்களைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகள். மாநில அரசாங்கத்தின் தலைவரைத்தான் இங்கே மந்திரி பெசார் என்கிறோம். வேலையில் சேர்ந்த புதிதில், மாற்றல் கடிதத்துக்காக ஓர் அலுவலகத்தில் அரை நாள் காத்துக் கிடந்தேன். எதிர்ச்சுவரில் பழைய நாளிலிருந்து அன்றுவரை இருந்த மந்திரி பெசார்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தார்கள். பார்க்க வேறு எதுவும் இல்லை. அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எங்கிருந்து வந்தார், ஏன் போனார், போன பிறகு என்ன ஆனார் என்று கேள்வி வந்துவிட்டது. கேள்வி வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வெட்டி வெட்டிச் சேர்த்தேன். பழைய காலத்தவர்களைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வந்தேன். ஒருவருக்கு ஓர் உறை. எந்தத் தொகுதி, அதற்கு முன் என்ன வேலை, எத்தனை தவணை. கோப்புகளைத் தள்ளித் தள்ளியே மேலே வந்தவர்கள் உண்டு. கட்சிக் கிளையில் நாற்காலி அடுக்குவதில் தொடங்கியவர்களும் உண்டு. சிலர் இங்கிருந்து கோலாலம்பூருக்குப் போய் இன்னும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வேறு சிலரைத் தேடினால் அடுத்த ஆண்டுப் பத்திரிகையில் ஒரு வரிகூட இருக்காது.

ஆனால் படங்களில் நான் முக்கியமாகப் பார்த்தது மந்திரி பெசாரை அல்ல. அவர் பக்கத்தில் நிற்பவரை. பாலம் திறப்பார்கள், பள்ளிக்கூடம் திறப்பார்கள், பொந்தியானில் மீனவர்களுக்கு ஏதாவது கொடுப்பார்கள். மந்திரி பெசார் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். பக்கத்தில் ஒருவர் கேமராவைப் பார்க்காமல் மந்திரி பெசாரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அப்படிப் பார்த்தவர்களில் சிலர் பின்னாளில் அதே நாற்காலிக்கு வந்தார்கள். பலர் கடைசிவரை பக்கத்தில் நின்றே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் தனியாக ஒரு தகரம் வைத்திருந்தேன். ஒருநாள் இதையெல்லாம் புத்தகமாக எழுதி, அட்டையில் என் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

இங்குள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தில் என்னை ஒருமுறை பேசக் கூப்பிட்டார்கள். மாநிலத் தலைவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். பேச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பயம் வந்துவிட்டது. தோழியிடம் போய் நின்றேன். "நீயே பேசிடு. எல்லாம் எழுதித் தரேன்" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "குடு, பாத்துக்கலாம்" என்றாள்.

நன்றாகப் பேசினாள். அதுதான் கொடுமை. என் குறிப்பில் இல்லாத சிரிப்பை இடையிடையே சேர்த்தாள். நான் மூன்று வருடம் தேடிக் கண்டுபிடித்த ஒரு விஷயத்தை, காலையில் சந்தையில் கேட்டதைப்போல அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சங்கத் தலைவர் மேடையிலேயே, "இத நீங்க புத்தகமா எழுதணும் அம்மா. சங்கமே போடும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பேசியவளைத்தானே கேட்பார்.

திரும்பும்போது காரில் அவள் கேட்டாள். "நீதான் எழுதணும். ஏன் லா என்னைய கேக்குறாங்க?"

அந்த இடத்தில், "ஆமாம், நான்தான் எழுத வேண்டும்" என்று நான் சொல்லியிருக்கலாம். ஐந்து வினாடி வேலை. ஆனால் அவள் விட்டுக்கொடுத்து எனக்குக் கிடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. "உன்னையத்தானே கேட்டாங்க, நீயே எழுது" என்றேன். குரலில் இருந்த புளிப்பு அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. மறுநாள் ஒன்பது தகரங்களையும் நானே தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். பெரிய தியாகி என்று நினைப்பு. வீட்டுக்கு வந்தால் அலமாரி காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்து ஒரு மூச்சு அழுதேன்.

அவள் எட்டு மாதத்தில் எழுதி முடித்தாள். அந்த எட்டு மாதமும் காலை நடையில் எனக்குக் கேட்கக் கிடைத்தது அந்தப் புத்தகம்தான். இந்த உறையில் இப்படி இருக்கிறது, அந்த உறையில் அப்படி இருக்கிறது என்று எனக்கே சொல்லுவாள். என் வீட்டுச் சாமானை எனக்கே விலை சொல்வதைப்போல இருக்கும். நான் உம் கொட்டிக்கொண்டு நடப்பேன். நல்ல வேளை, தெப்ராவில் காலையிலும் லாரிச் சத்தத்துக்குக் குறைவில்லை. பாதி காதில் விழாது.

ஒருநாள் கையெழுத்துப் பிரதியைக் கட்டிக்கொண்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கூடவே மூவாரிலிருந்து வாங்கி வந்த ஓத்தாக் ஓத்தாக் ஒரு பொட்டலம். அந்த மீன் பொட்டலம் எனக்குப் பிடிக்கும் என்று நாற்பது வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறாள். "தமிழ்ல எனக்குப் பயம். நீதான் எல்லாத்தையும் பாக்கணும். முன் அட்டைய மட்டும் விட்டுடு, அத நான் தனியா செஞ்சிக்கிறேன்" என்றாள்.

முதல் பக்கத்திலேயே கண் நின்றுவிட்டது. "ஜொகூர் முதலமைச்சர்கள்: வந்த வழியும் போன வழியும்."

இது வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயமாகவே தெரியாது. இங்கே அது பெரிய விஷயம். மன்னர் ஆளும் மாநிலத்தில் அரசாங்கத் தலைவர் மந்திரி பெசார். மன்னர் இல்லாத மாநிலத்தில் ஓர் ஆளுநர் இருப்பார். அங்கே அரசாங்கத் தலைவருக்குப் பெயர் வேறு. மலாயில் கெத்துவா மெந்திரி என்பார்கள். தமிழில் முதலமைச்சர். மூவார்ப் பாலத்தைத் தாண்டி மலாக்காவுக்குள் நுழைந்தால் முதலமைச்சர். இந்தப் பக்கம் மந்திரி பெசார். ஜொகூரில் முதலமைச்சர் என்று எழுதினால் இந்த மாநிலத்துக்குச் சுல்தானே இல்லை என்று எழுதியதாக அர்த்தம். ஜொகூர்க்காரர்களிடம் வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம், அதைச் சொல்லக் கூடாது.

மலாயில் கேட்டால் அவள் தூக்கத்தில்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். ஆனால் அவளுடைய தமிழ், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் வார இதழும் பார்த்துக் கற்ற தமிழ். அங்கே மாநிலம் என்றால் முதலமைச்சர். என் குறிப்புகளில் நான் எல்லா இடத்திலும் மந்திரி பெசார் என்றுதான் எழுதியிருந்தேன். அது பாதி மலாய்ச் சொல், நல்ல தமிழில் இருக்கட்டும் என்று அவள் ஒவ்வோர் இடமாக மாற்றியிருந்தாள். இருநூறு பக்கத்திலும் ஒன்று விடாமல், அவ்வளவு சிரத்தையாக.

அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம். வேறு பெயர் சொல்லி மழுப்ப விரும்பவில்லை. இரண்டு கன்னமும் சூடாகிற அளவுக்குச் சந்தோஷம். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது, அதுவும் அவள் புத்தகத்தின் நெற்றியிலேயே இருக்கிறது.

மற்ற எல்லாவற்றையும் திருத்தினேன். வெறி பிடித்தவளைப்போலத் திருத்தினேன். விட்டுப்போன ஒற்றெழுத்துகள், லகர ளகரக் குழப்பங்கள், ஒருவருடைய தொகுதி இன்னொருவருக்குப் போயிருந்த இடம். சிவப்புப் பேனா ஒன்று தீர்ந்து இரண்டாவது எடுத்தேன். நாளைக்கு யாராவது கேட்டால், எவ்வளவு உழைத்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்ட வேண்டுமல்லவா. அந்த ஒரு சொல்லை மட்டும் தொடவில்லை.

பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் சிவப்பு மையைப் பார்த்து, "அலமாக், இவ்ளோ தப்பா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வேற ஏதாச்சும் இருக்கா? பெருசா ஏதும்?"

"ஒற்றுதான் நிறைய. மத்தபடி ஓகே லா" என்றேன்.

புத்தகம் சென்னையில் அச்சானது. இங்குள்ள பல தமிழ்ப் புத்தகங்கள் அங்கேதான் அச்சாகின்றன. அங்கே யாருக்கு இது தப்பாகத் தெரியப்போகிறது? கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளிடம் அவள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். அவள் அட்டைப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் மனதில் வேறு படம் ஓடும். வெளியீட்டு விழாவில் யாரோ ஒருவர் எழுந்து கேட்பார். அவள் முகம் ஒரு நிமிடம் விழும். அந்த ஒரு நிமிடம் போதும் எனக்கு. அதற்குப் பிறகு நான் அவளைத் தேற்றவும் தயாராக இருந்தேன்.

விழாவுக்கு என்னிடம் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தெப்ராவில் ஒரு சமூக மண்டபம். வாசலில் சுண்டலும், கோப்பிஓ என்கிற கடுங்காப்பியும். பொந்தியான் பக்கம் மாவட்ட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, டத்தோ என்ற அரசுப் பட்டமும் வாங்கிய ஒருவர் சிறப்பு விருந்தினர். மலாய்க்காரர், தமிழ் தெரியாது. ஆனால் நிர்வாக வரலாற்றில் விவரமானவர் என்று சொன்னார்கள். கேட்கக்கூடிய ஆள் வந்துவிட்டார்.

தோழி மேடையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். மாட்டேன் என்று தலையாட்டினேன். இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சிவப்பு நாடா கட்டிய முதல் பிரதியை டத்தோவிடம் கொடுத்தார்கள். இரண்டாவது பிரதியை அவள் என் கையில் வைத்தாள்.

அட்டையில் அந்தத் தலைப்பு பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பெயர்கள். முதலில் என் பெயர். அதற்கடுத்துத்தான் அவள் பெயர்.

"முன் அட்டைய நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல?" என்று காதருகே சொல்லிச் சிரித்தாள். "தகரம் ஒன்பதும் ஒன்னோடது. அப்ப புத்தகம் யாரோடது?"

வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு நேர் மேலே, நான் பார்த்தும் விட்டுவைத்த சொல் இருந்தது.

டத்தோ அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று மலாயில் கேட்டார். அவளே சொல்லியிருக்கலாம். அவளுடைய மலாய் என்னுடையதைவிட அழகு. ஆனால் பெருமையாக என் தோளில் தட்டி, "இவங்களக் கேளுங்க டத்தோ. கோர்ட்டுல முப்பது வருஷம் இன்டர்பிரட்டர்" என்று மலாயில் சொன்னாள்.

ஒலிவாங்கி என் பக்கம் வந்தது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அட்டையில் இருப்பதை அப்படியே சொன்னால் கெத்துவா மெந்திரி. அதைச் சொன்னால் அவள் முகம் விழும். நான் இத்தனை நாள் காத்திருந்த நிமிடம் அது. இப்போது கூடவே என் பெயரும் விழும். முதலில் எனக்கு ஞாபகம் வந்தது என் பெயர்தான். அதையும் மறைக்கவில்லை.

"மெந்திரி-மெந்திரி பெசார் ஜொகூர்" என்றேன். நான் வேலை செய்த காலமெல்லாம் செய்யாத ஒன்றை ஒலிவாங்கியில் செய்தேன்.

டத்தோ முகம் மலர்ந்தார். "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். பிறகு அவரே நீட்டிச் சொன்னார். நிறையப் பேர் கவனமில்லாமல் கெத்துவா மெந்திரி என்று எழுதிவிடுகிறார்கள், அதைப் பார்த்தாலே தனக்கு எரிச்சல் வரும், இவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். கூட்டம் கைதட்டியது.

தோழியும் தட்டினாள். தட்டிக்கொண்டே அட்டையைப் பார்த்தாள். கை நின்றது. கெத்துவா என்றால் தலைமை, அதாவது முதல். மெந்திரி என்றால் அமைச்சர். இரண்டு மொழியும் அவள் தலைக்குள் ஒன்றையொன்று கண்டுகொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறைக்கத் தெரியாத முகம் அவளுக்கு. தப்பு தெரிந்தது. அதற்குப் பிறகு இன்னொன்றும் தெரிந்தது. கேட்ட உடனே, ஒரு வினாடிகூட யோசிக்காமல், சரியான சொல்லை நான் சொல்லியிருக்கிறேன்.

படம் எடுக்க எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார்கள். அந்தப் படம் அன்று சாயங்காலமே எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. டத்தோ கேமராவைப் பார்க்கிறார், சங்கத் தலைவர் கேமராவைப் பார்க்கிறார், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நானும் கேமராவைப் பார்க்கிறேன். அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ படங்களில் அப்படி ஒரு பார்வையைத் தேடியிருக்கிறேன். ஆனால் அவள் பார்த்தது நான் தேடிய பார்வை இல்லை. அதில் பொறாமை துளியும் இல்லை.

கார் நிறுத்துமிடத்தில் கேட்டாள். "ஒனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"மொதல்லயே?"

"மொதல் பக்கத்திலயே."

ஏன் என்று கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. "சரி, நனையாம போ" என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறினாள்.

மறுநாள் காலை நடைக்கு அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அவள் தெரு வழியாகவே நடந்தேன். வாசலில் செருப்பு இருந்தது. அழைப்புமணியை அழுத்தத் தைரியம் வரவில்லை. புத்தகக் கட்டுகள் எல்லாம் அவள் வீட்டில்தான் இருக்கின்றன என்று சங்கத்தில் சொன்னார்கள். விற்பனையை நிறுத்திவைத்திருக்கிறாளாம். காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை.

பதினைந்து நாள் கழித்து எனக்கு ஓர் உறை வந்தது. இரண்டு தெரு தள்ளி இருப்பவள் தபாலில் அனுப்பியிருந்தாள். உள்ளே அதே புத்தகம். தலைப்பின்மேல் "ஜொகூர் மந்திரி பெசார்கள்" என்று அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. தாள் கொஞ்சம் பெரிது. அப்படியே ஒட்டினால் என் பெயரின் மேல்பாதியை மறைத்துவிடும். அந்த இடத்தில் மட்டும் கத்தரிக்கோலால் கீழ்விளிம்பை வளைத்து வெட்டி, என் பெயருக்கு வழி விட்டிருந்தாள். சங்கத்துக்குப் போய் அங்கே வந்திருந்த மற்றப் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அப்படித்தான் வெட்டியிருந்தாள்.

உள்ளே ஒரு சின்னத் தாள் செருகியிருந்தது. பிழை திருத்தம் என்று தலைப்பு. நூலில் முதலமைச்சர் என்று வரும் இடங்களிலெல்லாம் மந்திரி பெசார் என்று திருத்தி வாசிக்கவும் என்று இருந்தது. அதற்குக் கீழே, "பிழை முழுவதும் என்னுடையது" என்று எழுதி, அவள் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தாள். புத்தகத்தில் பாதிக்கு மேல் எனக்குக் கொடுத்தவள், பிழையில் மட்டும் எனக்குப் பங்கு தரவில்லை.